பொடக்காலி அடுப்பில் திருநீற்றுப்பச்சிலை

என் கணவர் அரிசியை விட்டார். நான் வேலையை விட்டேன். இரண்டும் ஒரே வாரத்தில் நடந்தன. சொந்தபந்தம் எல்லாம் அவருடைய மனஉறுதியைத்தான் மெச்சிப் பேசியது.

பாலக்காட்டுப் பக்கம் முதலமடையில் எங்களுக்கு மாந்தோப்பு இருக்கிறது. அவருக்குச் சர்க்கரை ஏறிப்போனது பரிசோதனையில் தெரிந்ததும், பொள்ளாச்சியில் இருக்கும் அவருடைய சிநேகிதர் பேலியோ என்று ஒன்றைச் சொல்லி, செல்போனில் ஒரு குழுவிலும் சேர்த்துவிட்டார். சோறு கூடாது, இட்லி கூடாது, பருப்பு கூடாது, பழம் கூடாது. கறி, முட்டை, பன்னீர், தேங்காய், நெய், கீரை, காய், அவ்வளவுதான். லாரி லாரியாக மாம்பழம் ஏற்றி அனுப்புகிற மனுஷன் அதில் ஒரு துண்டு வாயில் போட முடியாது. ஆரம்பத்தில் அவர் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

நான் அப்போது பக்கத்து ஊர்த் தமிழ் மீடியம் பள்ளியில் தற்காலிக டீச்சர். கல்யாணமாகிப் பல வருஷம் கழித்துக் கிடைத்த வேலை. காலை பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து போவதே எனக்குப் பெரிய சந்தோஷம். பேலியோ வந்ததும் என் மாமியார் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். "அம்மிணி, அவனுக்குத் தனிச் சமையல், எங்களுக்குத் தனிச் சமையல்னு ஆயிப்போச்சு. எனக்கு முட்டி மடங்கறதில்ல. நீயும் பஸ் ஏறிப் போயிட்டா யாரு பாக்கறது? அவனுக்குத் தேவலையாகட்டும், அப்பறம் போயிக்கோ கண்ணு" என்றார். அத்தை கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் சண்டை போட்டுவிட்டுப் போயிருப்பேன். இப்படித் தலையைத் தடவிச் சொல்கிறவரிடம் என்ன செய்வது?

எங்கள் வீட்டுக்குள் கறி சமைக்கக் கூடாது. சாமி இருக்கிற வீடு. பின்னால் பொடக்காலியில் ஒரு தகரக் கொட்டகை, அங்கே ஓர் அடுப்பு, கறிக்கென்று தனிச் சட்டி, தனிக் கரண்டி. எப்போதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை கோழி எடுத்த காலத்தில் அது ஒரு தொந்தரவாகத் தெரியவில்லை. தினமும் என்று ஆனதும் தாவு தீர்ந்துபோனது. உள்ளே சோறும் ரசமும் வைத்துவிட்டு வெளியே ஓடுவேன். கறிச்சட்டியைத் தொட்டால் கைகால் கழுவாமல் உள்ளே வர முடியாது. வெள்ளிக்கிழமையும் அமாவாசையும் வந்தால் முட்டைகூட ஆகாது. எங்கள் பக்கத்துக்கு மழை சரியாக எட்டிப்பார்ப்பதில்லை. மார்ச் மாத வெயிலில் அந்தத் தகரத்துக்குக் கீழே நிற்கும்போது, இந்தக் கொட்டகைக்கும் உள் அடுப்புக்கும் நடுவிலேயே என் ஆயுசு முடிந்துவிடும் என்று பயம் வரும். லாரிகள் கேட்டைத் தாண்டிப் போகிற சத்தம் கேட்டால் அழுகை வரும்.

வேலை சீக்கிரம் முடிய வழி உண்டா என்று யூடியூபைத் துழாவ ஆரம்பித்தேன். சட்டுப்புட்டென்று பேலியோ சமையல் என்று ஒரு பெண் சிரித்துக்கொண்டே செய்து காட்டினாள். அவள் வீட்டில் ஒரே அடுப்பு. மாமியார் யாரும் தென்படவில்லை. அவள் கோழியில் பேசில் என்று ஒரு பச்சை இலையைப் போட்டாள். எங்கோ பார்த்த இலை மாதிரி இருக்கிறதே என்று நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். எங்கள் கிணற்றுமேட்டில் கேட்பாரற்று மண்டிக் கிடக்கும் திருநீற்றுப்பச்சிலைதான் அது! மரிக்கொழுந்தோடு சேர்த்துச் சாமிக்கு மாலை தொடுப்போம். பரு வந்தால் சாறு தடவுவோம். சர்பத்தில் போடுகிற சப்ஜா விதை அதனுடையதுதான். அதைத் தின்னலாம் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

அன்றைக்கே செய்தேன். தேங்காய் எண்ணெயில் பூண்டைத் தட்டிப் போட்டு, பச்சைமிளகாய் கீறி, எலும்பில்லாத கோழியைச் சின்னதாக நறுக்கிப் பெரிய தீயில் பிரட்டினேன். உப்பு, மிளகு, ஒரு தக்காளி. கோழி வெந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு, இலையைக் கையால் கிள்ளிப் போட்டு மூடிவைத்தேன். இலையைக் கத்தியால் நறுக்கினால் கறுத்துவிடும், தீயில் போட்டால் வாசம் ஓடிவிடும். மூடியைத் திறந்தால் கிராம்பும் சோம்பும் கலந்தாற்போல் ஒரு மணம். கணவர் தட்டை வழித்துத் தின்றுவிட்டு இன்னும் இருக்கிறதா என்று கேட்டார்.

வாசம் பிடித்துக்கொண்டு அத்தை பின்னால் வந்தார். "துன்னூத்துப்பச்சிலையா? சாமிக்குத் தொடுக்கறதக் கறியில போட்டியா அம்மிணி?" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு போய் விளக்கேற்றினார். நான் விவாதம் செய்யவில்லை. கிணற்றுமேட்டிலிருந்து நாலு கொப்பு ஒடித்துவந்து, பழைய பெயின்ட் டப்பாவில் மண் போட்டு, கொட்டகை ஓரமாக நட்டேன். "இது கறிக்குன்னே வெச்சதுங்க அத்தை" என்றேன். அதில் அவருக்கு ஒரு குறையும் தெரியவில்லை. சட்டி தனி, கரண்டி தனி என்பதுபோல் செடியும் தனியானது. கொஞ்ச நாளில் அத்தையும் மாமாவும் அந்தக் கோழியைச் சோற்றில் போட்டுப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தார்கள்.

அப்புறம் எனக்கு அதில் கை வந்துவிட்டது. காலையில் முட்டையை அடித்து அந்த இலையைப் போட்டு ஆம்லெட். வெள்ளிக்கிழமை நெய்யில் பன்னீர். பொட்டுக்கடலை இல்லாமல் தேங்காயும் இலையும் அரைத்து ஒரு துவையல். எதற்கும் நேரம் ஆகாது. ஏப்ரல் கடைசியில் சர்க்கரை இறங்கிவிட்டது. டாக்டர் அவரைத் தட்டிக்கொடுத்தார். அவரைவிட எனக்குத்தான் சந்தோஷம். என் பஸ் வந்துவிட்டது என்றே நினைத்தேன்.

மே மாதம் ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் ஹெச்.எம். டீச்சர் போன் செய்தார். "ஜூன்ல ஸ்கூல் தொறக்குது. உங்க போஸ்ட் காலியாத்தான் இருக்கு. திங்கக்கிழமை சொல்லிருங்க, இல்லாட்டி இன்டர்வ்யூவுக்கு வேற ஆள விளிச்சிருவேன்" என்றார். அத்தையிடம் சொன்னேன். "அவனுக்கு மத்தியானத்துக்கு யாரு செய்யறது அம்மிணி?" என்று அதே கேள்வியைக் கேட்டார். காலையில் செய்து வைத்துவிட்டுப் போகலாம் என்றால், ஆறின கறி அவருக்கு இறங்காதாம்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. எங்கள் குலதெய்வக் கோயில் கிடாவெட்டில் பெண்கள் அடுப்புப் பக்கம் போவதே இல்லை. ஆண்கள்தான் வேட்டியை மடித்துக்கட்டிக் கறி சமைப்பார்கள். அதில் என் கணவர் கைக்குப் பங்காளிகளிடம் தனிப் பேர் உண்டு. பொடக்காலி அடுப்பும் வெட்டவெளி அடுப்புதானே, வேகிறதும் கறிதானே என்று கணக்குப் போட்டேன். "ஏனுங்க, கோயில்ல அண்டா அண்டாவாக் கிண்டறீங்க. மத்தியானம் இந்தச் சட்டி ஒரு பெரிய வேலைங்களா?" என்று கேட்டேன். "அதுக்கென்ன புள்ள, செஞ்சு பாக்கறேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அவர்தான் செய்தார். அத்தையும் மாமாவும் உள்ளே டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு கரண்டிகூட எடுத்துத் தரவில்லை. பூண்டைக் கல்லில் வைத்து நசுக்கினார். தீயைக் கூட்டியும் குறைத்தும் நிதானமாகப் பிரட்டினார். இலையைக் கடைசியில் கிள்ளிப் போட்டு மூடிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். தின்று பார்த்தேன். என்னுடையதைவிட நன்றாக இருந்தது. பள்ளி திறக்கும் நாளைக்கு எந்தப் புடவை என்றுகூட யோசித்துவிட்டேன்.

சாப்பிடும்போது அத்தை சொன்னார். "இன்னைக்கு என்னமா இருக்குது! உன்ற கைக்கு வருமா அம்மிணி. இந்த ஊட்டுல வேற யாரு செஞ்சாலும் இப்படி வராது." மாமாவும் ஆமாம் என்று தலையாட்டினார்.

நான் கணவரைப் பார்த்தேன். அவர் தட்டைப் பார்த்தார். தண்ணீர் கேட்டார்.

"இன்னைக்கு அவருதானுங்க அத்தை செஞ்சாரு" என்றேன்.

அத்தைக்குப் புரையேறும் அளவுக்குச் சிரிப்பு. "இவனா? ஊட்டுல ஒரு சுடுதண்ணி வெச்சிருப்பானா?" மாமாவும் சிரித்தார். பிறகு இருவரும் அவரைப் பார்த்தார்கள். அவர் விரலெல்லாம் பூண்டு வாசம். "அவ சும்மா சொல்றாம்மா" என்றார்.

அவர் கை கழுவப் போனதும் பின்னாலேயே போய்க் கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று. "கோயில்ல செய்யறது வேற புள்ள. பொண்டாட்டி வேலைக்குப் போறா, இவன் ஊட்டுல சட்டி கழுவறான்னு பங்காளிக பேசமாட்டாங்களா? அப்பா மூஞ்சில எப்படி முழிக்கறது?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கெஞ்சுகிற மாதிரிதான் சொன்னார். அது எனக்கு இன்னும் வயிற்றெரிச்சலாக இருந்தது. அத்தனை நாளும் சமையல் சுருங்கினால் எனக்கு வழி கிடைக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். சமையல் ஒரு காரணமே இல்லை.

திங்கட்கிழமை காலை டீச்சர் கூப்பிட்டபோது வாசலில் நின்றிருந்தேன். கணவர் லோடு ஏற்றக் கிளம்பி, பைக் மேல் உட்கார்ந்திருந்தார்.

"வரலைங்க டீச்சர்" என்றேன்.

"ஏன், ஊட்டுக்காரருக்கு ஒடம்பு தேவலையாயிருச்சுன்னீங்களே?"

"ஊட்டுல சமைக்கறதுக்கு ஆளில்லைங்க" என்றேன். கணவர் காதில் விழட்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னேன்.

விழுந்தது. சாவியைத் திருகாமல் என் பக்கம் திரும்பினார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். நானும் காத்திருந்தேன்.

"வரும்போது கோழி வாங்கிட்டு வரட்டா?" என்று கேட்டார்.

"வாங்கிட்டு வாங்க" என்றேன்.