இரண்டும் மூன்றும் ஐந்து

கணக்கு மேடத்துக்கு அந்தக் கல்லூரியில் இது பதினோராவது வருஷம். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. வருஷா வருஷம் துறைத்தலைவர் கையெழுத்துப் போட்டால்தான் உண்டு. அதற்காக வாயை மூடிக்கொண்டிருப்பாரா? நல்ல கதையாயிருக்கிறதே!

முதலாண்டுப் பிள்ளைகளுக்கு நிரூபணம் எழுதக் கற்றுத்தருவது அவர் பாடம். "ஒப்பிக்கறதுன்னா வீட்லயே இருங்க" என்று முதல் நாளே சொல்லிவிடுவார்.

அப்பேர்ப்பட்டவரே இந்தத் தேர்வில் கோட்டை விட்டார். ‘இரண்டு பகா எண்களைக் கூட்டினால் இரட்டைப்படை எண்ணே வரும் என நிரூபிக்க’ என்று கேட்டவர், ‘இரண்டைவிடப் பெரிய’ என்று சேர்க்க மறந்துவிட்டார். ஐம்பத்தெட்டுப் பேர் கண்ணை மூடிக்கொண்டு நிரூபித்துத் தள்ளியிருந்தார்கள். வருஷம் முழுக்க வாயே திறக்காத கடைசி பெஞ்சுப் பெண் மட்டும் ஒரே வரி எழுதியிருந்தாள்: ‘இரண்டும் மூன்றும் ஐந்து. இதை நிரூபிக்க முடியாது.’

மேடத்துக்குப் புல்லரித்தது. வெட்கமாகவும் இருந்தது.

மேடம் போய்ச் சொன்னதும் துறைத்தலைவர் விடைக்குறிப்பை நீட்டினார். "நீங்க எழுதினதுதானே? இதன்படி மார்க் போடுங்க. நிரூபிச்சவங்களுக்குப் பத்து, அந்தப் பொண்ணுக்குப் பூஜ்ஜியம். வெளிய தெரிஞ்சா மானம் கப்பலேறிடும்."

"பூஜ்ஜியம் போட்டா அவ ஃபெயில் சார். சரியா எழுதினதுக்கா?"

"அடுத்த வருஷம் நான் கையெழுத்துப் போடணுமா, வேண்டாமா?"

"அது உங்க இஷ்டம். பேப்பர் திருத்தறது நான்."

வீட்டில் கணவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "உனக்கு எதுக்கு இந்த வம்பு?"

"தப்பு பண்ணினது நான். அடி வாங்கறது அவளா?" என்றார் மேடம்.

மறுநாள் வகுப்பில், கேள்வி தப்பு, தப்பு என்னுடையது என்று பலகையில் எழுதிக் கையெழுத்தும் போட்டார். பிறகு விடைத்தாள்களைக் கொடுத்து மதிப்பெண் வாசித்தார்: அந்தப் பெண்ணுக்குப் பத்து, மற்றவர்களுக்குப் பூஜ்ஜியம், வியாழக்கிழமை மறுதேர்வு. வகுப்பு கொதித்தது. முதல் பெஞ்சுப் படிப்பாளி எழுந்தான்.

"நீங்க தப்பா கேட்டதுக்கு எங்களுக்கு ஏன் மேடம் பூஜ்ஜியம்?"

"தப்பாத்தான் கேட்டேன். இல்லாததை நீ எப்படிப்பா நிரூபிச்சே?"

அவன் விடைத்தாளைப் புரட்டினான்.

"பகா எண் எல்லாமே ஒற்றைப்படைன்னு முதல் வரியிலயே எழுதிட்டேன் மேடம். இரண்டை யோசிக்கவே இல்ல."

"அப்பாடா!" என்றார் மேடம். "இப்பத்தான்டா பாடமே ஆரம்பிக்குது."

துறைத்தலைவர் சொன்னதைச் செய்தார், கையெழுத்துப் போடவில்லை. போகட்டுமே! அந்தப் பெண் பாஸ்.