டீசல் விலையில் ஆற்று மின்சாரம்

மின்வெட்டு எல்லோரையும் வாட்டிய வருடம் அது. தனியார் நிலையங்களிடமும் மின்சாரம் வாங்கப்போவதை விளக்க, கொழும்பிலிருந்து ஓர் அதிகாரி மாத்தளையில் நடந்த கூட்டத்துக்கு வந்தார். அவருடைய சிங்களத்தை நான் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

முன்வரிசையில் நாவுல என்ற ஊரின் நெல் ஆலைக்காரர் ஒருவர் இருந்தார். நெடிய உருவம். கோபம் வந்தால் தொப்பியைக் கழற்றித் தொடையில் தட்டுவார்.

“ஒவ்வொரு நிலையத்துக்கும் அது கேட்ட விலையைக் கொடுக்கலாம். அல்லது, வாங்குவதிலேயே ஆகக் கூடிய விலையை, அதாவது டீசல் நிலையத்தின் விலையை, எல்லா நிலையத்துக்கும் கொடுக்கலாம். இரண்டாவதுதான் நல்லது,” என்றார் அதிகாரி.

ஆலைக்காரர் எழுந்துவிட்டார். “ஆத்துத் தண்ணியில எடுக்கிற கரண்டுக்கும் டீசல் வெலையா?”

“கேட்டதைக் கொடுத்தால் எல்லோரும் கூட்டித்தானே கேட்பார்கள்? எல்லோருக்கும் ஒரே விலை என்றால் உண்மைச் செலவையே கேட்பார்கள்,” என்றார் அதிகாரி.

தொப்பி படபடவென்று தொடையில் விழுந்தது. “அந்தக் கரண்டு எடுக்கக் கட்டின நீர்த்தேக்கத்துக்கு அடியிலதான் எங்கட வாப்பாட வயல் கெடக்குது. நஷ்டஈடு தரக்குள்ள மட்டும், ஆகக் கொறஞ்ச வயலோட வெலையத்தானே எல்லாருக்கும் தந்தீங்க!”

அதைச் சிங்களத்தில் சொன்னபோது என் குரலும் உயர்ந்துவிட்டது. அதிகாரி தேநீர் இடைவேளை என்றார். ஆலைக்காரர் தேநீரைத் தொடாமலே வெளியேறினார்.

அதிகாரியின் கணக்கு சரிதான் என்று பிறகு பலர் எனக்கு விளக்கியிருக்கிறார்கள். எனக்கும் விளங்குகிறது. அந்த மனிதரிடம் அதை எந்த மொழியில் சொல்வது என்றுதான் இன்றும் தெரியவில்லை.