தோமையாருக்கு ஊற்றிய தண்ணீர்

செனட் சபையில் மைக் பார்ப்பது என் வேலை. ஒருவர் பேச எழுந்தால் அவர் மேசை மைக்கைப் போட்டுவிட வேண்டும், உட்கார்ந்ததும் அணைக்க வேண்டும். மைக் எரியும்போது ஒரு பேச்சு, அணைந்ததும் வேறொரு பேச்சு. இரண்டையும் கேட்டுக் கேட்டு எனக்கு இந்த ஆட்களைக் கண்டாலே எரிச்சல்தான் வருகிறது. வீட்டில் நான் கத்துகிறேன் என்று என் மனைவி செய்தி பார்ப்பதையே நிறுத்திவிட்டாள்.

தொரிபியா அக்காவுக்கு அந்த எரிச்சல் வந்ததே இல்லை. அவள் எல்லோரையும் நம்பினாள்.

ஆளுங்கட்சி செனட்டர்களின் அறையில் தெரெரே என்கிற மூலிகைப் பானத்தை ஊற்றித் தருவது அவள் வேலை. அவர்கள் மரியாதையாக 'ஞா தொரிபியா' என்பார்கள். சபைக் கட்டடத்துக்குப் பின்னால் சரிவில் இறங்கினால் ஆற்றங்கரையில் கீழ்ப்பேட்டை. அங்கேதான் பிறந்தாள், அங்கேதான் கட்டிக்கொண்டாள். கட்டட வேலைக்கென்று புவனோஸ் ஐரிஸ் போன புருஷன் அங்கேயே இன்னொருத்தியோடு தங்கிவிட்டான். அவன் போனதைப் பற்றிப் பேசினால் சிரிப்பாள். ஆறு பொங்குவதைப் பற்றிப் பேசினால்தான் முகம் மாறும். வெள்ள வருஷங்களில் பேட்டை முழுக்க மேலே ஏறி வந்து, சபைக்கு எதிரே பூங்காவில் பலகைக் குடிசை போட்டுக்கொள்ளும். தண்ணீர் வடிந்ததும் சேற்றைத் தள்ளிக்கொண்டு திரும்ப இறங்கும். ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் அக்கா கொஞ்சம் செங்கல் வாங்கி, பலகை வீட்டைப் பக்கம் பக்கமாகச் சுவர் வீடாக்கினாள். வாசலில் ஒரு மாமரம். சுவரில் தண்ணீர் நின்ற கறைகள் மட்டம் மட்டமாக இருக்கும். சுண்ணாம்பு அடிக்கும்போதும் அவற்றை மட்டும் விட்டுவிடுவாள்.

பாவாடை கட்டிய வயதிலேயே கட்சித் துண்டைக் கழுத்தில் கட்டியவள். கிளைக் கூட்டத்துக்கு மரவள்ளி அவித்துக் கொட்டுவாள். தேர்தலன்று வீடு வீடாகப் போய்ப் படுத்திருப்பவனை எழுப்பி அனுப்புவாள். மற்ற நாளில் பூங்கா மூலையில் மூலிகை இடித்து விற்பாள். அந்தக் கைப்பக்குவத்தையும் விசுவாசத்தையும் பார்த்துத்தான் கட்சி அவளை உள்ளே கொண்டுவந்தது.

தெரெரேக்கு எங்கள் ஊரில் ஒரு ஒழுங்கு உண்டு. மாட்டுக்கொம்புக் குவளையில் மாத்தே இலையைப் போட்டு, குழலைச் செருகி, மூலிகை இடித்துக் கலந்த ஐஸ் தண்ணீரை ஊற்றுவோம். முதல் ஊற்றை யாரும் குடிப்பதில்லை. அது சந்தேகப்பட்ட சீடரான புனித தோமையாருக்கு. இலை அதை உறிஞ்சி முடிக்கும்வரை எல்லோரும் சும்மா இருக்க வேண்டும். பிறகு ஊற்றுகிறவர் ஒவ்வொருவராகக் கொடுப்பார். அதே குவளை, அதே குழல், வாய்க்கு வாய். வரிசையில் ஒருவரைத் தாண்டி அடுத்தவரிடம் குவளை போனால் அது செருப்பால் அடித்ததற்குச் சமம். எவ்வளவு பகை இருந்தாலும் யாரும் செய்ய மாட்டார்கள்.

இன்னொன்றும் உண்டு. மைக் முன்னால் எல்லோரும் ஸ்பானிஷ் பேசுவார்கள். குவளைக்கு முன்னால் உட்கார்ந்தால் குவாரனி. தாயிடம் பேசுகிற மொழி அது, அதில் பொய் சொல்ல வராது என்று அக்கா நினைத்தாள். அவள் மட்டுமில்லை, எங்களில் பாதிப் பேருக்கு அந்த மயக்கம் உண்டு.

அந்த வருஷம் ஜனாதிபதி டான் எவரிஸ்தோ ஒரு மசோதா அனுப்பினார். அவர் இதே கட்சி. ஆற்றோரம் அகலச் சாலை, சாலையோரம் கண்ணாடிக் கோபுரங்கள், கீழ்ப்பேட்டை மொத்தமும் தரைமட்டம். ஜனங்களுக்கு பஸ் கூடப் போகாத ஒரு பொட்டலில் இடம். அக்காவின் மாமரம் அந்த வரைபடத்தில் சாலையின் நட்டநடுவில் விழுந்தது.

செனட்டர்களின் அறையில் ஜனாதிபதியை வறுத்தெடுத்தார்கள். செனட்டர் குமெர்சிந்தோ தொப்பையும் தாராளமான வாயும் உள்ள மனிதர், அந்த வட்டத்துக்கு அவர்தான் பெரியவர். "இந்த ஆளுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சு. பேட்டைய இடிச்சா அடுத்த தடவ நமக்கு எவன் ஓட்டுப் போடுவான், கோபுரத்துல குடியேறுற வெளிநாட்டுக்காரனா?" என்றார். செனட்டர் நிமியா அம்மாள் நகத்தைப் பார்த்துக்கொண்டே, சாலை ஊருக்காக அல்ல, ஜனாதிபதியின் மச்சானுக்காக என்றாள். கிழவர் பெனிக்னோ, ஜனாதிபதியை வேட்பாளராக நிறுத்திய நாளிலிருந்தே தனக்கு நம்பிக்கை இல்லை, கட்சிக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். அவர்கள் பேசப் பேச அக்கா ஊற்றிக்கொண்டே இருந்தாள். கேட்டது எதற்கும் வாய் திறக்காதவள் அன்று ஒருமுறை திறந்தாள்.

"ஐயா, அப்ப நீங்க யாரும் கை தூக்க மாட்டீங்கதானே?"

குமெர்சிந்தோ குவளையை வாங்கி ஒரு இழுப்பு இழுத்துவிட்டுச் சொன்னார்: "ஞா தொரிபியா, இத்தனை வருஷமா உங்க கையால குடிச்சிருக்கேன். உங்க வீட்ட இடிக்கவா நான் கை தூக்குவேன்? போய் நிம்மதியா மாங்கா பறிங்க."

அதை அக்கா நடைபாதையில் என்னிடம் சொன்னபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவர்கள் பேச்சை நம்ப வேண்டாம், மைக் போட்டால் வேறு ஆளாகிவிடுவார்கள் என்றேன்.

"குவாரனியில சொன்னாருடா தம்பி. ஸ்பானிஷ்ல சொல்லியிருந்தா நானும் நம்பியிருக்க மாட்டேன்."

"எந்த மொழியில சொன்னா என்னக்கா? தூக்குறது ஒரே கைதானே?"

உனக்கு எல்லோர் மேலும் சந்தேகம், அதனால்தான் உனக்குச் சாப்பிட்டது செரிக்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். சில நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

கீழே பேட்டையில் எலிகியோ என்றொருவன் வெல்டிங் பட்டறை வைத்திருந்தான். முரட்டு ஆள், ஆனால் நியாயம் தெரிந்தவன். வாக்கெடுப்புக்கு முன்னாலேயே ஆற்றோரச் சாலையை மறித்து உட்கார வேண்டும் என்று ஜனங்களைத் திரட்டிக்கொண்டிருந்தான். அங்கேயே சமைத்துச் சாப்பிடப் பெண்கள் பானை, கரண்டிகூட எடுத்து வைத்துவிட்டார்கள். அக்கா அவன் முற்றத்தில் போய் நின்று வேண்டாம் என்றாள். செனட்டர்களுக்கே இந்த மசோதா பிடிக்கவில்லை, என் காதால் கேட்டேன், இப்போது மறித்தால் வீம்பு வந்துவிடும், சும்மா இருந்தால் தானாக விழுந்துவிடும் என்றாள். எலிகியோவுக்கு மனசே இல்லை. ஆனால் உள்ளே இருந்து வருகிறவள் சொல்லும்போது யார் என்ன பேச முடியும்? பானைகளைத் திரும்ப அடுப்படியில் வைத்தார்கள்.

வாக்கெடுப்புக்கு முந்தின நாள் ஜனாதிபதி தன் கட்சி செனட்டர்கள் அத்தனை பேரையும் மாளிகைத் தோட்டத்துக்கு இறைச்சி விருந்துக்குக் கூப்பிட்டார். அங்கே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. தனித்தனியாக மரத்தடிக்கு அழைத்துப் பேசினாராம், அவ்வளவுதான் காதில் விழுந்தது.

மறுநாள் சூடான வடகாற்று. வடகாற்று அடித்தால் எங்கள் ஊரில் யாருக்கும் புத்தி நிலையில் இருக்காது. கதவுகள் தானாக அடித்துக்கொள்ளும், குழந்தைகள் காரணமில்லாமல் அழும், புருஷன் பெண்டாட்டி உப்புச் சப்பில்லாத விஷயத்துக்குச் சண்டை போடுவார்கள். காலை வட்டத்தில் யாரும் ஜனாதிபதி பேச்சை எடுக்கவில்லை. கால்பந்து பேசினார்கள். குமெர்சிந்தோ நாற்காலியில் உட்காருவதும் எழுந்து ஜன்னலுக்குப் போவதுமாக இருந்தார். பெனிக்னோ குவளையை வாங்கும்போது அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. காற்றுதான் காரணம் என்று அக்கா நினைத்துக்கொண்டாள்.

சபை கூடியது. அக்கா ஜாடியோடு பக்கக் கதவருகே நின்றாள். அங்கே நிற்க அவளுக்கு அனுமதி இல்லை, ஆனால் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. குமெர்சிந்தோ கை உயர்த்தினார். நான் அவர் மைக்கைப் போட்டேன்.

"எங்கள் தலைவரின் தொலைநோக்கில் எனக்கு ஒரு கணமும் ஐயம் இருந்ததில்லை" என்று ஆரம்பித்தார். சுத்தமான ஸ்பானிஷ். கீழ்ப்பேட்டை மக்களைச் சேற்றிலிருந்து மீட்கும் திட்டம் இது என்றார். தானும் ஓர் ஏழைத் தாயின் பிள்ளை என்று சொல்லும்போது குரல் தழுதழுத்தது. பட்டனுக்கு மேல் என் விரல் துடித்தது. அணைத்திருந்தாலும் அவர் தொண்டையே போதும், சபைக்குக் கேட்டிருக்கும்.

கைகள் எழுந்தன. குமெர்சிந்தோவின் கைதான் முதலில். பெனிக்னோ கூரையைப் பார்த்தபடி தூக்கினார். நிமியா அம்மாளுக்குச் சரியாக அந்த நேரத்தில் போன் வந்தது. வெளியே போய்ப் பேசிவிட்டு, எண்ணி முடித்த பிறகு வந்து உட்கார்ந்தாள். மசோதா நிறைவேறியது. கதவருகே பார்த்தேன், அக்கா இல்லை.

அவள் ஆளுங்கட்சி அறைக்குத் திரும்பியிருந்தாள். கட்சி அறை ஒலிபெருக்கியைப் பார்க்க வேண்டும் என்று ஒரு சாக்கு வைத்துக்கொண்டு நானும் ஓடினேன். தனியாக விட எனக்கு மனசு வரவில்லை. செனட்டர்கள் கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டு, வேர்வையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். உட்கார்ந்த உடனே, என் காதால் கேட்டேன், மறுபடி ஆரம்பித்தார்கள்.

"இந்த ஆளால நாம எல்லாரும் நாசமாப் போகப் போறோம்" என்றார் குமெர்சிந்தோ. குவாரனியில்.

கட்சியின் கதை இவரோடு முடிந்தது என்றார் பெனிக்னோ. மச்சானுக்கு நல்ல நாள் என்றாள் நிமியா அம்மாள். ஒருவர் சிரித்தார். எனக்கு அந்த ஒலிபெருக்கியைத் தூக்கி அவர்கள் நடுவில் போட வேண்டும்போல இருந்தது.

அக்கா குவளையில் புது இலை போட்டாள். வழக்கம்போல் குழலைச் செருகினாள். முதல் ஊற்று, தோமையாருக்கு. எல்லோரும் காத்திருந்தார்கள். இலை உறிஞ்சி முடித்தது. குமெர்சிந்தோ பேச்சை விடாமலே கையை நீட்டினார். அக்கா கொடுக்கவில்லை. இரண்டாவது ஊற்றையும் ஊற்றிவிட்டு, குவளையைத் தன் முன்னாலேயே வைத்தாள். பிறகு மூன்றாவது. தண்ணீர் குவளையை மீறி மேசையில் வழிந்தது. அவள் நிறுத்தவில்லை. ஜாடியைச் சாய்த்தபடியே நின்றாள். ஐஸ் கட்டிகளும் மூலிகைத் தழையும் விழுந்து, தண்ணீர் மேசை விளிம்பிலிருந்து குமெர்சிந்தோவின் மடியில் சொட்டியது. நீட்டிய கையை அவர் மடக்கவில்லை.

"என்ன பண்றீங்க, ஞா தொரிபியா?" என்று கேட்டார், குரலைத் தாழ்த்தி.

"தோமையாருக்குச் சந்தேகம் வந்துச்சு. எல்லார் முன்னாடியும் வாய்விட்டுச் சொன்னாரு, ரூமுக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டுச் சொல்லல. அதான் இன்னிக்கு மொத்தத் தண்ணியும் அவருக்கே."

காலி ஜாடியை மேசைமேல் வைத்தாள். கழுத்திலிருந்த கட்சித் துண்டை அவிழ்த்தாள். எறியவில்லை, அதில் கையைத் துடைத்துவிட்டு ஜாடிப் பக்கத்தில் மடித்து வைத்தாள். அந்த அறைக்குள் அவள் மறுபடி நுழையவில்லை.

நானும் அக்கா கூடவே பேட்டைக்கு இறங்கினேன். சரிவில் புழுதி கண்ணில் அடித்தது. "அங்க போய் நான் எப்படிடா முழிப்பேன்?" என்று மட்டும் ஒருமுறை கேட்டாள்.

எலிகியோவின் முற்றத்தில் ஜனங்கள் உட்கார்ந்திருந்தார்கள். ரேடியோவில் கேட்டாகிவிட்டது. யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஒரு கிழவி ஸ்டூலை நகர்த்திப் போட்டாள். அக்கா வட்டத்தில் உட்கார்ந்தாள். எலிகியோதான் ஊற்றிக்கொண்டிருந்தான். குவளை கிழவிக்குப் போனது, திரும்பி வந்தது. அடுத்து அக்காவின் முறை. அவன் நிரப்பி, அவளைத் தாண்டி எனக்கு நீட்டினான்.

நான் வாங்காமல் இருந்தேன். அக்கா என் முழங்கையைத் தொட்டு, வாங்கு என்று தலையசைத்தாள். குடித்தேன். இரண்டாம் சுற்றிலும் குவளை அவளைத் தாண்டியது. அவள் எழுந்திருக்கவில்லை. முந்தானை ஒன்றும் இல்லை முகத்தை மூட, நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள், கன்னத்தில் தண்ணீர் ஓடியது.

"நான் நம்பினேன், எலிகியோ. உங்களையும் நம்ப வெச்சேன். மறிச்சிருந்தா தோத்திருந்தாலும் ரோட்டுல நின்னு தோத்திருப்போம். அதையும் நான் கெடுத்தேன்."

அவன் குவளையில் இலையைச் சரிசெய்துகொண்டிருந்தான். ஜனாதிபதி இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்று யாரோ சொன்னார்கள். போடும்வரை சாலை நம்முடையது என்றார் இன்னொருவர். எலிகியோ குவளையை நிரப்பினான். குழலை அவள் பக்கம் திருப்பி நீட்டினான்.

அக்கா இரண்டு கையாலும் வாங்கினாள். அடித்தண்ணீர் கர்கர் என்று சத்தம் போடும்வரை உறிஞ்சினாள்.

"எப்ப கிளம்பணும்?" என்று கேட்டாள்.

"விடியக்காலையில."

"பெரிய பானை என் வீட்டுல இருக்கு. நான் எடுத்துக்கிட்டு வந்துர்றேன்" என்று சொல்லி, குவளையை அவனிடம் திருப்பிக் கொடுத்தாள்.