உருளாத காசு

சித்திரை ஒன்றாம் தேதி விடிகாலையில் எங்கள் வீட்டில் யாரும் தானாகக் கண்ணைத் திறக்கக் கூடாது. நாகர்கோவில் பக்கத்து வழக்கம். முந்தின இரவே தாம்பாளத்தில் அரிசி பரப்பி, வெள்ளரிக்காய், மாங்காய், கொன்றைப்பூ, நகை, காசு எல்லாம் அடுக்கி, பின்னால் ஒரு கண்ணாடியைச் சாய்த்து வைப்பார்கள். அதுதான் கனி. வீட்டுப் பெரியவர் வந்து நம் கண்ணைப் பொத்தி அழைத்துப்போய், அதன் முன்னால் நிறுத்திக் கையை எடுப்பார். வருஷத்தில் முதலில் கண்ணில் படுவது அதுவாக இருக்க வேண்டும். அப்புறம் உள்ளங்கையில் ஒரு காசு வைப்பார், அதற்குப் பெயர் கைநீட்டம். புனேயில், வாகட்டில் ஓர் அடுக்ககத்தின் மேல்மாடியில் குடியிருக்கிறோம் என்பதற்காக எங்கள் மாமனார் இதில் எதையும் விட்டுக்கொடுத்ததில்லை.

இது இரண்டு பேர் பார்க்க வேண்டிய வேலை. ஒருவர் அழைத்துப்போக, இன்னொருவர் கனிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். மாமியார் இருந்தவரை அப்படித்தான் நடந்தது. அவர் போன பிறகு வந்த முதல் சித்திரையில் மாமனார் இரண்டு வேலையையும் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். என் மகளுக்கு அப்போது இரண்டரை வயது. எங்களோடுதான் படுத்திருந்தாள். எந்த வழக்கத்துக்கும் அவள் கட்டுப்பட மாட்டாள்.

மாமனார் முதலில் என் கணவரை எழுப்பி, பல் தேய்த்துவிட்டு வரச் சொன்னார். அதையும் கண்ணை மூடிக்கொண்டே செய்ய வேண்டும் என்பதால் கூடவே குளியலறைக்குப் போய்விட்டார். நான் இமையை இறுக்கிக்கொண்டு கட்டிலில் கிடந்தேன். பக்கத்தில் போர்வை அசைந்தது. சின்னக் காலடி ஒன்று கூடத்துப் பக்கம் போயிற்று. “எங்க போற பிள்ளே?” என்று கேட்டேன். அப்புறம் ஒரு காசு தரையில் விழும் சத்தம். டைல்ஸ் தரையில் கணகணவென்று உருண்டு, எதிலோ முட்டிச் சாய்ந்து, சுற்றிச் சுற்றி அடங்கியது.

அவ்வளவு கேட்டும் நான் கண்ணைத் திறக்கவில்லை. திறந்தால் கண்ணில் படுவது கொடியில் காயும் துணிதான், வருஷம் முழுக்க அதைப் பார்த்த பலன்தான் கிடைக்கும் என்று பிறந்த வீட்டில் சொல்லி வளர்த்திருந்தார்கள். இன்று நினைத்தாலும் எரிச்சலாக வருகிறது. படித்தவள், பிள்ளை பெற்றவள், கூடத்தில் பிள்ளை காசை வைத்து விளையாடுகிறாள் என்று தெரிந்தும், யாரோ வந்து கையைப் பிடித்துக் கூட்டிப்போகட்டும் என்று கிடந்தேன்.

நான் அந்த வருஷம் முதலில் பார்த்தது கனியை இல்லை. மகள் இருமிய இருமலில் எழுந்து ஓடி, வாயிலிருந்து எச்சில் ஒழுகக் கனிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அவளைத்தான் பார்த்தேன். தொண்டையைக் காட்டி, “காசு” என்றாள்.

மாமனார் குளியலறையிலிருந்து கையில் பற்பசையோடு ஓடிவந்தார். “ரெண்டு பழம் குடு மக்ளே, வழுக்கிக்கிட்டு எறங்கீரும்” என்றார். எங்கேயோ படித்தது நினைவுக்கு வந்து, “ஒண்ணும் குடுக்கக் கூடாது மாமா” என்று கத்தினேன். மூச்சு விடுகிறாள், அழுகிறாள், ஆனால் எச்சிலை விழுங்க மாட்டேன் என்கிறாள். அப்போதுதான் மாமனார் தலையில் கைவைத்தார்.

“சதுரக் காசு ஒண்ணு வச்சிருந்தேனே.”

பழைய அஞ்சு பைசா. அலுமினியம், சதுரம், இறகு மாதிரி லேசு. அவருடைய முதல் சம்பளத்தோடு வந்த சில்லறையாம், ஒவ்வொரு சித்திரைக்கும் கனியில் ஏறும். மற்றதெல்லாம் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய், எல்லாம் வட்டம். மொத்தம் எத்தனை வைத்தார் என்று அவருக்கே தெரியாது, கைநீட்டக் காசை எண்ணி வைப்பதில்லை. உருண்டு போனது செருப்பு அலமாரிக்கு அடியில் கிடைத்தது. அது ஒரு ரூபாய். சதுரத்தைக் காணோம். “நான் தேடிட்டுச் சொல்லுகேன், நீங்க போங்க” என்று எங்களைத் தள்ளிவிட்டார்.

பாணேரில் குழந்தைகள் மருத்துவமனை ஒன்று உண்டு. வேறு நாளாக இருந்தால் பக்கம்தான். அன்றைக்கு நெடுஞ்சாலைக்குக் கீழே போகும் சுரங்கப்பாதையில் நுழைந்தோம், அதோடு சரி. முன்னால் எங்கோ ஒரு டேங்கர் லாரி குறுக்கே நின்றுவிட்டதாகச் சொன்னார்கள். ஹிஞ்சேவாடிக்கு ஆள் ஏற்றிப் போகும் கம்பெனி வண்டிகள் எதிர்ப் பக்கம் ஏறி வந்து, எங்களுக்கு இடப்பக்கம் சுவர், வலப்பக்கம் பஸ், பின்னால் கண்ணுக்கு எட்டியவரை கார். கதவைத் திறந்தால் சுவரில் இடிக்கும் போலிருந்தது. மேலே நெடுஞ்சாலையில் லாரிகள் தடதடவென்று போய்க்கொண்டே இருந்தன. எல்லோரும் எங்கேயோ போய்க்கொண்டிருக்க நாங்கள் மட்டும் நிற்பதாகத் தோன்றியது.

மகளை மடியில் உட்கார்த்தி வைத்து, துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். ஜன்னல் கண்ணாடியில் வாயால் ஊதி ஆவி படியவைத்தேன். விளையாட்டுப் பள்ளியில் சர்க்கிள், ஸ்கொயர் எல்லாம் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். விரலால் ஒரு வட்டமும் ஒரு சதுரமும் போட்டேன்.

“எந்தக் காசு பிள்ளே? சர்க்கிளா, ஸ்கொயரா?”

அவள் சதுரத்தில் விரல் வைத்தாள். உடனே வட்டத்திலும் வைத்தாள். மறுபடி கேட்டேன். இரண்டையும் உள்ளங்கையால் அழித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

என் கணவர் புனேயிலேயே வளர்ந்தவர். பயம் வந்தால் அவருக்குப் பேச்சு நிற்காது. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ஆரம்பித்தார்.

“டென்ஷன் எடுக்காதே. மோஸ்ட்லி வட்டக் காசாத்தான் இருக்கும். ஏன் எல்லாக் காசும் வட்டமா பண்றாங்க தெரியுமா? அச்சு அடிக்கும்போது எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி அழுத்தம் விழும். கார்னர் இருந்தா முதல்ல அதுதான் தேயும். பாக்கெட்டைக் கிழிக்கும். மெஷின்ல எப்படித் திருப்பிப் போட்டாலும் வட்டம்னா உள்ள போயிடும்.”

“அப்ப சதுரத்துல ஏன் அடிச்சாங்க?”

“கண்ணு தெரியாதவங்க தடவிப் பார்த்தே கண்டுபிடிக்கலாம்ல. ஒவ்வொரு காசுக்கும் வேற வேற ஷேப். அப்ப அதுக்கு ஒரு லாஜிக் இருந்துச்சு. கார்னரைக்கூட லைட்டா மழுக்கித்தான் இருப்பாங்க.”

“மழுக்கினாலும் மூலை மூலைதான்” என்றேன். “பாக்கெட் கிழியும்னு யோசிச்சவங்க தொண்டை கிழியும்னு யோசிக்கலையா? கொஞ்ச நேரம் சும்மா வாங்க.”

அவர் வாயை மூடிக்கொண்டார். அது இன்னும் மோசமாக இருந்தது. மழுக்கிய மூலை ஒன்று என் மகளின் தொண்டைக்குள் சுவரைக் குத்திக்கொண்டு, முன்னாலும் போகாமல் பின்னாலும் வராமல் நிற்பதாக நினைத்துக்கொண்டே இருந்தேன். நாங்கள் நின்ற மாதிரியே. மாமனாருக்கு போன் செய்தேன். “சோபாவைப் புரட்டிட்டேன், ஃபிரிட்ஜை நகத்திட்டேன், எங்ஙனயும் காணல மக்ளே” என்றார். குரல் உடைந்திருந்தது. எனக்கு அவரைத் தேற்றத் தெம்பு இல்லை, வைத்துவிட்டேன்.

மகள் அழுவதை நிறுத்தினாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கதவைச் சுவரில் இடித்துத் திறந்து, அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டேன். “அரே, எங்க போறே?” என்று அவர் கத்தியது கேட்டது. கார்களுக்கு நடுவே பக்கவாட்டில் நுழைந்து நுழைந்து போனேன். கண்ணாடிகள் முழங்கையில் இடித்தன. சுரங்கப்பாதை முடியும் இடத்தில் ஸ்கூட்டர்கள் நடைபாதை மேல் ஏறி ஓடிக்கொண்டிருந்தன. முகம் முழுக்கத் துணி சுற்றி, கண் மட்டும் தெரிய ஒரு பெண் என்னைப் பார்த்து வண்டியை நிறுத்தினாள். இந்த ஊரில் வெயிலுக்கும் தூசிக்கும் பெண்கள் அப்படித்தான் சுற்றிக்கொள்வார்கள். மகளின் வாயையும் என் முகத்தையும் பார்த்தாள்.

“தாயி, ஹாஸ்பிடல்? பஸா, பஸா.”

அக்கா, உட்காருங்கள் என்று மராட்டியில் சொன்னாள். பின்னால் உட்கார்ந்தேன். எதிர்த்திசையில், நடைபாதையில், ஒரு பெட்ரோல் பங்குக்கு உள்ளே புகுந்து வெளியே வந்து, எல்லாச் சட்டத்தையும் மீறி ஓட்டினாள். குழிக்குக் குழி தூக்கிப் போட்டது. மகளை நெஞ்சோடு அழுத்திப் பிடித்திருந்தேன். ஏதோ ஒரு குழியில் விழுந்து எழுந்தபோது அவள் “ஹக்” என்று விழுங்கினாள். செத்தாளா பிழைத்தாளா என்று எனக்குத் தெரியவில்லை. முகத்தைத் திருப்பிப் பார்த்தேன். “அம்மா, தண்ணி” என்றாள்.

மருத்துவமனை வாசலில் இறக்கிவிட்ட அந்தப் பெண்ணிடம் நன்றி சொல்லத் திரும்புவதற்குள் போய்விட்டாள். இன்றுவரை அவள் முகம் எனக்குத் தெரியாது.

எக்ஸ்ரே எடுத்து, டாக்டரம்மா படத்தைத் திரையில் போட்டார். சின்ன விலா எலும்புகள், அதற்குக் கீழே கறுப்பில் வெள்ளையாக ஒன்று. “கோல் ஹை” என்றார். வட்டம்தான். இரைப்பைக்குள் இறங்கிவிட்டது, விளிம்பு வழவழப்பு, இரண்டு மூன்று நாளில் தானாக வெளியே வந்துவிடும், வயிறு வலித்தாலோ வாந்தி எடுத்தாலோ உடனே கூட்டி வாருங்கள் என்றார். மூலையோ கூர்மையோ இருந்திருந்தால் இப்படிச் சிரித்துக்கொண்டு பேசியிருக்க மாட்டேன் என்றும் சொன்னார். நான் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு அழகான வட்டத்தைப் பார்த்ததில்லை. அப்போதுதான் அழுகை வந்தது, நன்றாகவே அழுதேன்.

மதியம் வீட்டுக்கு வந்தால் வீடு கலவர பூமியாகக் கிடந்தது. சோபா தலைகீழாக, மெத்தை நிமிர்ந்து, அரிசி டப்பா முதற்கொண்டு கவிழ்ந்து. நடுவில் கனி மட்டும், மகள் எடுத்த காசு போக, வைத்தது வைத்தபடி, பூகூடக் கலையாமல் இருந்தது. அதன் எதிரே தரையில் மாமனார். வட்டக் காசுதான், ஒன்றும் இல்லை என்று போனிலேயே சொல்லியிருந்தேன். இருந்தும் எழுந்திருக்கவில்லை.

நான் நேராகப் போய் வெள்ளரிக்காயைத் தூக்கினேன். அதன் அடியில், அரிசியில் பாதி புதைந்து, சதுரக் காசு அவர் வைத்த இடத்திலேயே கிடந்தது. வட்டம் ஓடும், சதுரம் எங்கே ஓடும்.

“இதுக்கு அடில பாக்கலையா மாமா?”

“சாயந்திரம் வரைக்கும் கனியக் கலைக்கக் கூடாதுல்லா” என்றார் மெதுவாக. “கை போவல மக்ளே.”

சுரங்கப்பாதையில் நாங்கள் செத்துப் பிழைத்த நேரம் முழுக்க அவர் இதன் எதிரே இருந்திருக்கிறார். ஒரு வெள்ளரிக்காயைத் தூக்கியிருந்தால் போதும். வாய்வரை வந்தது. ஆனால் காசு உருண்டது கேட்டும் கண்ணைத் திறக்காமல் கிடந்தவள் நான். அவரிடம் எதைக் கேட்பது? அவர் கையில் சதுரக் காசை வைத்துவிட்டு உள்ளே போனேன்.

மூன்றாம் நாள் ஒரு ரூபாய் வெளியே வந்தது. மாமனார் அதைக் கழுவினார், புளி போட்டுத் தேய்த்தார், மறுபடி கழுவினார். அப்புறம் அதை எங்கே வைத்தார் என்று நான் கேட்கவில்லை.

அடுத்த சித்திரைக்கும் கனி வைத்தார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த விடிகாலை முழுக்க மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, இருட்டில் கண்ணைத் திறந்தே படுத்திருந்தேன். மாமனார் வந்தார். வழக்கம்போலப் பின்னால் நின்று என் கண்ணைப் பொத்தினார். திறந்திருந்த என் கண்ணின் இமைமயிர் அவர் உள்ளங்கையில் பட்டிருக்கும். கை ஒரு கணம் நின்றது. ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் கையைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டார், எனக்கு வழியும் தெரிந்தது, கூடவே நடந்துவந்த மகளும் தெரிந்தாள். அப்படியே எங்களைக் கனிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, “இப்பக் கண்ணத் தொற மக்ளே” என்றார்.