படுக்க வைத்த ரம்

லத்தாவில் ஒரு மதுபானக் கடையில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், பர்மாக்கார முதலாளி ஊ செய்ன் எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரே விஷயம். ஒயின் பாட்டிலைப் படுக்க வைக்க வேண்டும். கார்க் நனைந்தே இருந்தால்தான் சுருங்காது, காற்று புகாது. அன்று முழுக்க கோடவுனில் ஒயின் அடுக்கினேன். சாயங்காலத்துக்குள் சரக்கைப் பற்றி எல்லாம் தெரிந்துவிட்டதாக எனக்கு ஒரு நினைப்பு.

அந்த மிதப்பு குறையாத நாளில்தான் டேனியல் அண்ணன் வந்தார். இன்சீன்காரர், பள்ளிக்கூட கிளார்க். துண்டில் சுற்றி ஒரு ரம் பாட்டில் கொண்டுவந்திருந்தார். கார்க் போட்டது, மேலே அரக்கு சீல் உடையாமல் இருந்தது.

"எங்கப்பாவுக்கு ரயில்வே ஒர்க்‌ஷாப்ல ரிட்டயர் ஆனப்ப குடுத்தது தம்பி. அவரு போயிட்டாரு. அண்ணன் கப்பல்ல வேலைக்குப் போயிருக்கான். அவன் வந்தப்புறம் ரெண்டு பேருமா சேந்துதான் தொறக்கணும். அது வரைக்கும் கெடாம எப்படி வைக்கிறது?"

முதலாளி மாடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஏறிப்போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை.

"படுக்க வைங்கண்ணே. எத்தன வருசமானாலும் ஒண்ணும் ஆகாது."

ரம் வேறு ஜாதி. அதன் காரம் கார்க்கைத் தின்றுவிடும், நிமிர்த்தித்தான் வைக்க வேண்டும். இதை நான் தெரிந்துகொண்டது மறு வருஷம். உடனே டேனியல் அண்ணன் ஞாபகம் வந்தது. அடுத்த முறை வந்தால் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அவர் வரவில்லை. நானும் மறந்துபோனேன்.

போன மழைக்காலத்தில் வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. நான் அதே கடையில் மேனேஜர்.

"அண்ணன் திரும்பி வந்துட்டான்பா. மிங்கலாடோன்ல மக வீட்ல படுத்த படுக்கையா கெடக்கான். ஆசப்பட்டா ஒரு வாய் குடுங்கன்னு டாக்டரே சொல்லிட்டாரு. இது இன்னும் குடிக்கலாமா, பாத்துச் சொல்லு. நீ சொன்னபடி ஒருநாளும் நிமித்தல. வீடு மாறுனப்பகூட மடியில படுக்க வச்சித்தான் கொண்டுபோனேன்."

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். சரக்கு பாதிக்கு இறங்கியிருந்தது. சீல் ஓரம் பிசுபிசுத்தது. திருகாணி போட்டதும் கார்க் பொடிப்பொடியாக உள்ளே விழுந்தது. மூடியளவு ஊற்றி நாக்கில் வைத்தேன். காரம் போய், கட்டைக் கசப்பு.

கெட்டுப்போகவில்லை. துணியில் வடிகட்டினால் தாராளமாகக் குடிக்கலாம். இது எனக்குத் தெரியும். ஆனால் ஏன் இப்படி ஆனது என்று அந்த வீட்டில் யாராவது கேட்டால் என் பெயர் வரும். அதை நினைத்து வாய் கூசாமல் சொன்னேன்:

"கார்க் மட்டம்ணே. குடிக்க லாயக்கில்ல, கொட்டிடுங்க."

அவரே எழுந்துபோய்க் கடை வாஷ்பேசினில் கொட்டினார். புது பாட்டில் ஒன்றை நீட்டினேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டுக் கிளம்பினார்.

இரண்டு வாரத்தில் அவருடைய அண்ணன் இறந்துவிட்டதாகத் தெரிந்தது. இன்சீனுக்குப் போய், படுக்க வைக்கச் சொன்னது தப்பு என்பதையும், கொட்டச் சொன்னது பொய் என்பதையும் டேனியல் அண்ணனிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் திட்டவில்லை.

"கசந்தாலும் குடிச்சிருப்பான்பா. கடைசி வரைக்கும் அப்பா பாட்டில் எங்கன்னுதான் கேட்டான். கெட்டுப்போச்சுன்னு சொன்னேன், நம்பல. எனக்குக் குடுக்காம நீயே குடிச்சிட்டியான்னு கேட்டான். அதுக்கப்புறம் எங்கிட்ட பேசல."

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்றுதான் சொல்வேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். தப்பாகச் சொல்லிவிட்டது தெரிந்தால் அன்றைக்கே தேடிப்போய்ச் சொல்லுங்கள். நான் போனது அடக்கம் முடிந்த மறுநாள்.