அப்பா தோற்ற பேரம்

அப்பா வீட்டுத் தரகர். வீடும் கடையும் வாடகைக்குப் பிடித்துக் கொடுப்பார். போன மாதம் இறந்துபோனார்.

ஒரு கடையைப் பார்க்கப் போனால் முதலில் உள்ளே நுழையமாட்டார். எதிரே நின்று தெருவைப் பார்ப்பார். வெயில் எந்தப் பக்கம், யார் நடக்கிறார்கள், யார் நிற்கிறார்கள் என்று கவனித்துவிட்டு, எல்லாவற்றையும் சாப்பாட்டு நேரத்தில் எங்களிடம் கொட்டுவார். நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அம்மா காதில் வாங்கிக்கொண்டிருந்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

அம்மா வீட்டிலேயே தையல் மிஷின் போட்டிருந்தாள். கீழ்வீட்டுக்காரர் சத்தம் தாங்காமல் வீட்டு ஓனரிடம் போய்விட்டார். மிஷினை நிறுத்து, இல்லாவிட்டால் வீட்டைக் காலி செய் என்று ஆகிவிட்டது. பக்கத்தில் காலியாக இருந்தது ஒரே கடை, பேருந்து நிறுத்தத்தை ஒட்டி. கட்டிடக்காரருக்குத் தரகர் அப்பா.

"அவர்கிட்ட கமிஷன் வாங்குறேன். உனக்காகப் பேசமுடியாது."

"பேசவேண்டாம். எனக்கும் வாய் இருக்கு," என்றாள் அம்மா.

நான் அப்போது பொறியியல் படித்துக்கொண்டிருந்தேன். கடையை அளவெடுக்க நானும் போனேன். கட்டிடக்காரரும் வந்திருந்தார். அப்பா தொண்டையைச் செருமினார்.

"வாங்கம்மா. வாசல்லயே பஸ் ஸ்டாப்பு. எப்பவும் ஜனம். பத்தாயிரத்துக்குக் குறையாது."

"காலையில ஏறுற ஸ்டாப்புங்க இது. பஸ் வருதான்னு ரோட்டையே பார்த்துட்டு நிப்பாங்க. சாயங்காலம் சாவகாசமா இறங்குறது எதிர்ப் பக்கம். கடைக்குள்ள நுழையறவன் அங்கதான் இருக்கான்."

கட்டிடக்காரர் அப்பாவைப் பார்த்தார். "அப்படியாய்யா?"

அப்பா அவசரமாக வாசலைக் கைகாட்டினார். "இந்தப் பக்கம் நிழல் இருக்குங்க சார். மத்தியானம் இங்கதான் நடப்பாங்க."

"மத்தியானம் இந்தத் தெருவுல நாய்கூட நடக்காதுன்னு நேத்து சாப்பிடும்போது சொன்னீங்களே?"

"அது வீட்டுப் பேச்சு!"

"சரி, மாடிப்படி கடைக்குள்ள பாதி இடத்தைத் தின்னுட்டு நிக்குது. அதுக்கும் நானா வாடகை குடுக்கணும்? மாடிப்படிக்குச் சட்டையா தைக்கப்போறேன்?"

கட்டிடக்காரர் சிரித்துவிட்டார். "யோவ், நீ என் ஆளா, அவங்க ஆளா?"

"உங்க ஆள்தான் சார். ராத்திரி சோறு கிடைக்குமான்னுதான் தெரியல."

ஏழாயிரத்துக்கு முடிந்தது. அப்பாவின் கமிஷனும் அதற்கேற்பக் குறைந்தது. ஆனால் வருகிற போகிறவர்களிடமெல்லாம் அதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்தார்.

பிறகு ஒவ்வொரு முறை வாடகை ஏற்றும்போதும் அதே கூத்துதான். அப்பா கட்டிடக்காரர் பக்கம், அம்மா எதிர்ப் பக்கம். கட்டிடக்காரர் நாற்காலி போட்டு வேடிக்கை பார்ப்பார்.

இந்த வாரம் அவர் தனியாக வந்தார். ஒரு தொகை சொன்னார்.

"சரிங்க," என்றாள் அம்மா.

அவர் நகரவில்லை. "என்னம்மா, ஒண்ணும் சொல்லமாட்டீங்களா?"

"எதிர்ல ஆள் இல்லையேங்க."

அவர் கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்தார். "பழைய வாடகையே இருக்கட்டும்."

அம்மா மிஷினை நிறுத்தினாள். "அதெப்படிங்க? பின்தெருவுல ஸ்கூல் வந்திருக்கு. யூனிஃபார்மா வந்து குவியுது. ஏத்தித்தான் வாங்கணும். அவர் இருந்தா விட்டிருப்பாரா?"

"வேண்டாம்மா."

"வாங்கிக்கோங்க."

விடாமல் பேசினார்கள். பாதி ஏற்றத்தில் முடிந்தது.