எம்.ஜி. ரோட்டில் இறங்கிப் போன மாஃப்ளர்

அந்த டிசம்பரில் லிங்கராஜபுரத்துக் குளிர் பல்லைத் தந்தியடிக்க வைத்தது. என் கணவருக்கு விடிகாலை ஷிப்ட். பைக்கில் போகும்போது ஹெல்மெட்டுக்கும் ஜெர்கினுக்கும் நடுவே கழுத்து மட்டும் திறந்து கிடக்கும். "நானே ஒரு மாஃப்ளர் பின்னித் தரேன்" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அதுவரை நான் பின்னியது தலைமுடி மட்டும்தான்.

வேலை கிடைத்துத் தங்கவயலிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்தாள் என் நாத்தனார். "ரெண்டு பேரா கத்துக்கிட்டா சீக்கிரம் வந்துடும் அண்ணி" என்று அவளும் ஊசி வாங்கிக்கொண்டாள். அவளுக்கு இடதுகைப் பழக்கம். வீடியோவில் சொல்லிக்கொடுத்த அம்மாளுக்கோ வலதுகை. அதனால் நான் போனைக் கண்ணாடிக்கு எதிரே பிடித்துக்கொண்டு நிற்பேன். அவள் கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைப் பார்த்துப் பின்னுவாள். நான் சிரித்தால் போன் ஆடும். போன் ஆடினால் அவளுக்குக் கண்ணி நழுவும். அவள் முறைப்பதைக் கண்ணாடியில் பார்த்தால் எனக்கு இன்னும் சிரிப்பு வரும்.

என் கஷ்டம் வேறு. மூட்டை கட்டுகிறவளைப் போல நூலை இறுக்குவேன். அப்புறம் கண்ணிக்குள் ஊசியே நுழையாது. தளர்த்தினால் மொத்தமும் கழன்று மடியில் விழும். இதற்கெல்லாம் மேலே, வரிசைக்கு வரிசை கண்ணிகள் பெருகிக்கொண்டே போயின. எங்கிருந்து வருகின்றன என்று சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. நீளமாகப் போக வேண்டியது அகலமாகிக்கொண்டே போனது.

என் கணவர் அதைத் தூக்கிப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "கழுத்துக்குன்னுதானே சொன்ன? இது சமோசா மாதிரி இருக்கே!"

ஒரு ஞாயிற்றுக்கிழமை, இன்னும் கொஞ்சம் உல்லன் நூல் வாங்க நானும் நாத்தனாரும் சிக்பேட்டைக்குக் கிளம்பினோம். அல்சூரில் மெட்ரோ ஏறியதும் உட்கார இடம் கிடைத்தது. சும்மா இருப்பானேன் என்று பின்னலை எடுத்தேன். நூற்கண்டு அவள் மடியிலிருந்த பைக்குள் இருந்தது. எங்களுக்கு எதிரே முதுகைக் காட்டியபடி ஒரு இளைஞன், தோளில் பையும் காதில் இயர்போனுமாக நின்றிருந்தான்.

எம்.ஜி. ரோடு வந்தது. அவன் இறங்கினான். என் கையிலிருந்த நூல் விண்ணென்று இழுபட்டது. அவன் பை ஜிப்பில் மாட்டிக்கொண்டிருந்தது!

"ஹலோ! தம்பி! நில்லுப்பா!" என்று கத்திக்கொண்டே நான் குதித்தேன். கதவு மூடுவதற்குள் நூற்கண்டுப் பையோடு நாத்தனாரும் குதித்தாள். காதில் பாட்டு, அவன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தான். ஓடிய ஓட்டத்தில் பின்னல் ஊசியிலிருந்து கழன்றுவிட்டது. அவன் அடி எடுத்து வைக்க வைக்க, என் கையிலிருந்த முக்கோணம் சரசரவென்று பிரிந்தது. எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். சிரிப்புதான் பொத்துக்கொண்டு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடினேன்.

செக்யூரிட்டிக்காரர் எதிரே வந்து நின்றார். "ஏனம்மா இது, காளிபட்டமா?" பட்டம் விடுகிறோமா என்று கன்னடத்தில் கேட்கிறார்! பின்னாலிருந்து நாத்தனார், "இல்லா சார், மாஃப்ளர்!" என்றாள். அவர் ஓடிப்போய் அவன் தோளைத் தொட்டார்.

திரும்பிப் பார்த்தவன் திகைத்துப் போனான். "ஐயோ அக்கா, நானா இழுத்துட்டு வந்தேன்? சாரிக்கா, சாரி!"

"அசையாதே! ஜிப்பைத் தொடாதே!" என்று கத்திய நாத்தனார் திடீரென்று என் கையைப் பிடித்தாள். "அண்ணி, இங்க பாருங்க! இந்த ஓரத்தைப் பாருங்களேன்!"

பார்த்தேன். பிரிந்துகொண்டு வந்த வரிசையில், விளிம்பில் இருந்த முதல் கண்ணி, நூல் ஊசிக்கு மேலாகச் சுற்றி இழுத்ததில், இரண்டு போலத் தெரிந்தது. நான் அதை இரண்டாகவே நினைத்துப் பின்னியிருக்கிறேன். அதற்கடுத்த வரிசையிலும் அதே கதை. ஒவ்வொரு முறையும் ஊசியைத் திருப்பும்போது நானே ஒரு கண்ணியைப் பெற்றுப் போட்டிருக்கிறேன்!

"கண்டுபிடிச்சாச்சு!" என்று நான் பிளாட்பாரத்தில் குதித்த குதியில் அந்தப் பையன் இரண்டடி பின்வாங்கினான். பிறகு அவனும் சிரிக்க ஆரம்பித்தான். மூன்று பேரும் ஸ்டீல் பெஞ்சில் உட்கார்ந்தோம். அவன் இரண்டு கைகளையும் நீட்ட, நாத்தனார் அதில் நூலைச் சுற்றினாள். போனில் யாரோ கூப்பிட்டபோது, "மச்சி, கையைக் கட்டிப் போட்டிருக்காங்க, கொஞ்சம் லேட்டாகும்" என்றான்.

சிக்பேட்டைக்குப் போகவில்லை. முழு நூலும்தான் திரும்பி வந்துவிட்டதே. வீட்டுக்கு வந்து முதலிலிருந்து தொடங்கினேன். விளிம்பில் வரும்போதெல்லாம் நூலை முன்பக்கம் கீழே இழுத்துவிட்டுக்கொண்டேன். அன்று மாலை உள்ளங்கை அகலத்துக்கு, இரண்டு ஓரமும் நேராக, ஒரு துண்டு வந்தது. அதைக் கொண்டுபோய் அடுத்த வீட்டில் காட்டினேன், மாடி வீட்டில் காட்டினேன், கொரியர் கொடுக்க வந்தவரிடமும் காட்டினேன்.

மாஃப்ளர் முடிவதற்குள் வெயில் காலம் வந்துவிட்டது. என் கணவர் அசரவில்லை. மத்தியான வெயிலில் அதைச் சுற்றிக்கொண்டு பைக்கில் கடைக்குப் போய்விட்டு, வியர்த்து வழிய வந்து நின்றார். "நல்லா கதகதப்பா இருக்கு" என்றார். நாத்தனாரும் நானும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம்.